முயல் கூண்டுல அடைக்கோழி, 1,950 ரூவாய்க்கு என்ன கெடைச்சுது

மொதல்லயே சொல்லிடுறேன், இது கோழிக்குன்னு செஞ்ச கூண்டு கெடையாது. கும்பகோணத்துல முயலு, லவ் பேர்ட்ஸ், நாய்க்குட்டிக்கெல்லாம் கூண்டு விக்கிற ஒரு கடையில வாங்குன முயல் கூண்டு, கடை பேர் வேணாம், ஏன்னா கொஞ்சம் கொறையும் சொல்லப் போறேன். நான் வாங்குனது ஒரே ஒரு வேலைக்கு, அடைக்கு உக்காந்த கோழியைத் தெளிய வைக்க, அதாவது அடை காக்குற நெனப்ப விட்டு எந்திரிக்க வைக்க. அந்த ஒரு வேலைய இது எப்படிச் செஞ்சுதுங்கிறதுக்குத்தான் இந்த ரிவ்யூ, முயல் வளக்குறவங்க இதப் படிச்சு ஒரு பிரயோஜனமும் இல்ல.

நாங்க இருக்கறது நீடாமங்கலம் பக்கம். கொல்லையில 8 பெட்டை, 1 சேவல், அவ்வளவுதான் எங்க பண்ணை. 5 சிறுவிடை (சின்ன ஒடம்பு நாட்டுக்கோழி), 2 பெருவிடை (பெரிய ஒடம்பு நாட்டுக்கோழி) கலப்பு, ஒரு கிராமப்பிரியா (முட்டைக்குன்னு உருவாக்குன ஜாதி). கிராமப்பிரியா இதுவரைக்கும் ஒரு நாளு கூட அடைக்கு உக்காந்ததில்ல, அது முட்டை போடும், எறங்கும், போயிடும், ஆபீஸ் போற மாதிரி. லெகார்ன் மாதிரி முட்டைக்குன்னே வளத்த ஜாதியில எல்லாம் அடை குணத்தையே எடுத்துட்டாங்க. சிறுவிடை அப்படி இல்ல, பத்துப் பன்னெண்டு முட்டை போட்டுச்சுன்னா உக்காந்துடும், வருசத்துக்கு ஒரு கோழி 60லேருந்து 80 முட்டை தான் குடுக்குதுன்னா அதுக்கு முக்கியமான காரணமே இந்த அடையும் குஞ்சோட சுத்துறதும்தான்.

போன ஐப்பசி பொறந்த ஒடனே சாம்பலின்னு ஒரு கோழி உக்காந்துடுச்சு. எங்க உக்காந்துச்சுன்னா பத்தாயத்துக்கு அடியில, கை மட்டும்தான் போற சந்துல. நெல்லு போடாம சும்மா கெடக்குற பத்தாயம், அதுக்கு அடியில பழைய சாக்கு ஒண்ணு கெடந்துச்சு, அதுலதான் குழி பறிச்சு முட்டை போட்டிருக்கு, எங்களுக்குத் தெரியாது. கவுத்துப் போட்ட தோசைக்கல்லு மாதிரி தட்டையா படுத்துக்கிட்டு கண்ணு கொட்டாம ஒரே எடத்தப் பாத்துக்கிட்டிருந்துச்சு. கைய நீட்டுனா ஒடம்பெல்லாம் சிலிர்த்து ரெண்டு மடங்கு ஆயி கொர்ர்ர்ருன்னு ஒரு சத்தம், அப்புறம் ஒரு கொத்து. வயித்துக்கு அடியில கை விட்டுப் பாத்தேன், நெஞ்சுப் பக்கம் இறகே இல்ல, வெறுந்தோலு, அடுப்புலேருந்து எறக்குன பாத்திரம் மாதிரி சூடு. ஒரு நாளைக்கு ஒரே ஒரு தடவை, கால் மணி நேரம், எறக்கைய விரிச்சுக்கிட்டு கொக் கொக் கொக்னு மத்ததையெல்லாம் வெரட்டிக்கிட்டே வந்து தண்ணி குடிச்சு நாலு நெல்லு கொத்தி, எலுமிச்சம்பழம் சைசுக்கு ஒரே எச்சமா போட்டுட்டு, அந்த நாத்தம் இருக்கே அதச் சொல்ல முடியாது, திரும்பவும் உள்ள போயிடும்.

சரி குஞ்சு பொரிக்கட்டுமேன்னு விட்டுடலாம் இல்லியான்னு கேப்பீங்க. அதுக்கு முந்தின வருசம் அப்படித்தான் விட்டேன். ஐப்பசி அடைமழையில அடைக்கோழி. 9 குஞ்சு பொரிஞ்சுது, கார்த்திகை முடியறதுக்குள்ள மிச்சம் 2. கொல்லை முழுக்க சொதசொதன்னு, வாய்க்கா வழிஞ்சு மாட்டுக்கொட்டாய் வரைக்கும் தண்ணி, குஞ்சு நனைஞ்சா அவ்வளவுதான், காலையில பாத்தா காலு வெறச்சிக் கெடக்கும். அதனால நான் முடிவே பண்ணிட்டேன், எங்க ஊருல அடை வைக்கிறதுன்னா மார்கழி கடைசி, தை, மாசி, மழை நின்னு வெயில் ஏறறதுக்குள்ள. ஐப்பசி கார்த்திகையிலயும் அக்னி நட்சத்திரத்துலயும் உக்காந்தா தெளிய வச்சிடணும். இன்குபேட்டர் வாங்கி முட்டைய அதுல வைன்னு எங்க வீட்டுக்காரரு சொன்னாரு, 2018 நவம்பர்ல கஜா புயல் அடிச்சப்போ வாரக்கணக்குல கரண்ட் இல்லாம கெடந்தவங்க நாங்க, 21 நாளு நிக்காம கரண்ட் வேணும்னு கேக்குற பொட்டிய நம்பி முட்டை வைக்க எனக்குத் தைரியம் இல்ல. அதுவும் இல்லாம பொரிச்ச குஞ்ச வச்சிக்கிறது தானே பிரச்சனை, பொரிக்கிறதுல என்ன பிரச்சனை.

இதுக்குள்ள இன்னொரு கூத்து நடந்துச்சு. அடைங்கிறது தொத்து வியாதி மாதிரி. சாம்பலியப் பாத்து செவலையும் போயி பக்கத்துலயே உக்காந்துச்சு, கருப்பியும் முட்டை போடப் போறேன்னு போயி எந்திரிக்க மறந்துடுச்சு. தெனம் 5 முட்டை எடுத்த எடத்துல 2 முட்டை. எங்கிட்ட ரெகுலரா வாங்குற நாலு வீட்டுக்கு என்ன பதில் சொல்றதுன்னு ஆயிப்போச்சு, முட்டை 15 ரூவான்னு குடுக்கறது, பெரிய காசு இல்லதான், ஆனா தீவனக் காசு அதுலதான் வருது.

பழைய வைத்தியம் எல்லாம் எனக்குத் தெரியாம இல்ல. எங்க அப்பாயி அடைக்கோழிய ரெண்டு றெக்கையும் சேத்துப் புடிச்சு குளத்துல முக்கி முக்கி எடுக்கும், நான் சின்னப்புள்ளையில கரையில நின்னு அழுதிருக்கேன். இன்னொண்ணு, அந்தக் கோழியோட இறகையே பிச்சு மூக்கு ஓட்டையில இந்தப் பக்கம் விட்டு அந்தப் பக்கம் எடுத்து சொருகி விடறது, அது ரெண்டு நாளைக்குத் தலைய ஆட்டிக்கிட்டே அலையும், உக்காரத் தோணாது. எங்க அத்தையும் இதத்தான் சொன்னாங்க, "இதுக்குப் போயி கூண்டாம்மா, ஒரு இறகப் பிச்சி சொருகி உடு"ன்னு. எனக்கு மனசு வரல. ஒரு தடவை பக்கத்து வீட்டுக் கோழிக்கு அப்படிச் செஞ்சு மூக்கு வீங்கி சீழ் வச்சதப் பாத்திருக்கேன். தண்ணியில முக்கறதுல ஒரு நியாயம் இருக்கு, வயித்துச் சூடு எறங்கணும் அதான் விசயம், ஆனா ஐப்பசி ஈரத்துல கோழிய முக்குனா அது காய்றதுக்கு வெயிலுக்கு எங்க போறது, சளி புடிச்சுக்கும். பஞ்சாரத்தப் போட்டு, அதான் கோழிய மூடி வைக்கிற கூடை, வெறுந்தரையில கவுத்தும் பாத்தாச்சு. மூணாம் நாளு பஞ்சாரத்தத் தூக்குனா அது மண்ணுல குழி பறிச்சு அங்கியே அடை காத்துக்கிட்டிருக்கு. பஞ்சாரத்துக்குள்ள இருட்டு, காத்தும் இல்ல, அதுக்கு அது பத்தாயத்தடிய விட சொகமா இருந்திருக்கும்.

எங்க கால்நடை டாக்டரு தான் வெவரம் சொன்னாரு. அடைக்கு உக்காந்தா மூளையில புரோலாக்டின்னு ஒரு ஹார்மோன் சொரக்கும், முட்டை நெஞ்சுல படறதும் அந்தக் கதகதப்பும் இருட்டும் சேந்து அத நிக்க விடாம வச்சிருக்கும், அது எறங்குனாத்தான் முட்டைக்கான ஹார்மோன் ஏறும். அதனால அடியில காத்து போற மாதிரி கம்பித் தரையில, நல்ல வெளிச்சத்துல, வைக்கோல் சாக்கு எதுவும் போடாம, தீனி தண்ணி மட்டும் தாராளமா வச்சி மூணு நாலு நாளு போடுங்கன்னாரு. பட்டினி மட்டும் போடாதீங்கன்னு ரெண்டு தடவை சொன்னாரு, அது ஏற்கனவே எளைச்சிப் போயிருக்கும்.

அப்படித்தான் கும்பகோணம் போனது. கடைக்காரரு 2,200 சொன்னாரு, 1,950க்கு வந்துச்சு. 2 அடிக்கு 2 அடி, ஒசரம் ஒண்ணரை அடி, கீழ ஒரு அடி காலு நாலு. ஜிஐ கம்பி வலை. சுத்துச் சொவரு 2 இஞ்ச்சுக்கு 1 இஞ்ச் கட்டம், தரை 1 இஞ்ச்சுக்கு 1 இஞ்ச். கதவு முன்னாடி, ஒரு கம்பிக் கொக்கி. தரைக்குக் கீழ ரெண்டு வெரக்கடை எடம் விட்டு ஒரு தகரத் தட்டு, இழுத்து எடுத்து எச்சத்தக் கொட்டலாம். பஸ்ஸுல கொண்டு வர கண்டக்டரு லக்கேஜ் போட்டாரு, அது தனி.

வீட்டுக்கு வந்து தடவிப் பாத்தப்பவே மொதக் கொறை தெரிஞ்சுது. உள்பக்கம் வலைய வெட்டுன முனை எல்லாம் அப்படியே ஊசி மாதிரி நீட்டிக்கிட்டு நிக்குது, அரம் போடவே இல்ல. முயலுக்கே இது ஆவாது, கோழி மொத நாளு படபடன்னு அடிச்சுக்கும், கொண்டையில கண்ணுல பட்டா என்னாவும். எங்க வீட்டுக்காரரு ஒரு மணி நேரம் உக்காந்து அரத்தால தேய்ச்சாரு, தேய்க்க முடியாத எடத்துல பழைய சைக்கிள் டியூப கிழிச்சுச் சுத்துனாரு. நீங்க வாங்குனா கடையிலயே கைய உள்ள விட்டு ஒரு சுத்து சுத்திப் பாத்துட்டு வாங்குங்க, வெரல் கிழிஞ்சா அங்கியே மாத்திக்கலாம்.

இப்ப முக்கியமான விசயம், இதுல தான் நான் மூணு நாள வீணடிச்சேன். சாம்பலி ஒம்போது நாளா உக்காந்திருந்தது, அத மொதல்ல தூக்கிப் போட்டேன். கெணத்தடியில தாழ்வாரத்து ஓரமா, மழைச் சாரல் படாம ஆனா வெளிச்சம் வர்ற எடத்துல கூண்டு. ஒரு பக்கம் தீனி, ஒரு பக்கம் தண்ணி டப்பாவ கம்பியில கட்டி வச்சேன், கட்டலன்னா அரை மணி நேரத்துல கவுத்துடும். மொத நாளு கத்துன கத்து, ஊரே கேட்டுருக்கும். ரெண்டாம் நாளு அமைதி. மூணாம் நாளு பாக்குறேன், கூண்டு மூலையில கம்பி மேலயே அதே தோசைக்கல்லு பொசிஷன்ல படுத்திருக்கு. கைய நீட்டுனா கொர்ர்ர்ரு.

எனக்கு ஒண்ணும் புரியல. அப்புறம் கூண்டுக்கு அடியில கைய விட்டுப் பாத்தப்பதான் தெரிஞ்சுது, தகரத் தட்டு தரைக்கு ரெண்டு வெரக்கடை கீழயே இருக்கில்ல, அதுவும் நான் வேற சுத்தம் பண்ண ஈசியா இருக்கட்டும்னு அதுல ரெண்டு மடிப்பு பேப்பர் விரிச்சு வச்சிருக்கேன், காத்து எங்கேருந்து போகும். அது எச்சமும் சூடுமா கதகதன்னு ஒரு மெத்தை மாதிரி ஆயிருக்கு. தட்ட உருவி வீசிட்டு, கூண்டோட நாலு காலையும் ஹாலோ பிளாக் கல்லு மேல தூக்கி வச்சேன், இப்ப தரைக்குக் கீழ ஒண்ணே முக்கால் அடி காலி எடம், ஆத்துக் காத்து அடியில சிலுசிலுன்னு போகுது. எச்சம் கீழ விழுந்தா விழட்டும், சாம்பல அள்ளிக் கொட்டி வாரிடலாம். அப்புறம் நாலே நாளு, சாம்பலி நின்னுடுச்சு. நிக்கிறதுன்னா நெசமாவே காலு ஊணி நிக்கிறது, கம்பியப் புடிச்சு எட்டி எட்டிப் பாக்குறது, செவலை போற பக்கமெல்லாம் தலைய திருப்புறது.

அதனால இந்தக் கூண்ட அடைக்கோழிக்கு வாங்குறவங்க அந்தத் தட்ட மறந்துடுங்க. முயலுக்கு அது வசதி, நம்ம வேலைக்கு அதுதான் எமன்.

நடுவுல ஒரு ராத்திரி நடந்த கதை. கதவுக் கொக்கின்னு சொன்னேன் இல்ல, அது ஒரு கம்பிய வளைச்சு மாட்டுற மாதிரி இருக்கும், உள்ளேருந்து அடிச்சுக்கிட்டே இருந்தா எகிறிடும். தட்டு எடுத்த மறுநா ராத்திரி படுத்தாச்சு, காலையில எந்திரிச்சுப் பாத்தா கூண்டு தொறந்து கெடக்கு, கோழி இல்ல. எனக்கு வயித்துல புளியக் கரைச்சுது, எங்க கொல்லையில கீரியும் வரும், மரநாயும் வரும், போன வருசம் ஒரு வெடக்கோழிய மரநாய் தூக்கிட்டுப் போயி தலைய மட்டும் விட்டுட்டுப் போச்சு. கொல்லை முழுக்க தேடிட்டு கடைசில பத்தாயத்தடியில டார்ச் அடிச்சா, சாம்பலி. முட்டை எல்லாம் நான் எப்பவோ எடுத்துட்டேன், சாக்கையும் எடுத்துட்டேன். அது எங்கேருந்தோ உருட்டிக்கிட்டு வந்த மாதிரி ஒரு கொட்டாங்கச்சி மேல உக்காந்து அவ்வளவு அக்கறையா அடை காக்குது. கோவமும் வருது, பாவமாவும் இருக்கு. எங்க அத்தை சிரிச்சாங்க பாருங்க, "அதுல தேங்கா பொரியும்மா"ன்னு.

அன்னைக்கே பத்தாயத்துச் சந்த ரெண்டு செங்கல்லு வச்சு அடைச்சேன், இத மொத நாளே செஞ்சிருக்கணும். கூண்டுல போட்டாலும் பழைய எடம் தொறந்திருந்தா அது மனசுலேருந்து போகாது. கொக்கிக்கு சைக்கிள் கடையில ஒரு ஸ்பிரிங் வாங்கி மாட்டியாச்சு, 10 ரூவா. ராத்திரியில கூண்டத் தூக்கி திண்ணையில வச்சிடறது, 2 இஞ்ச் கட்டத்துல கீரி கை உட்டு இழுக்கும், அத நம்பி கொல்லையில விடாதீங்க.

கடைக்காரருக்குப் போன் பண்ணி கொக்கியப் பத்தியும் அந்த ஊசி முனையப் பத்தியும் சொன்னேன். "அக்கா முயலெல்லாம் ஒண்ணும் சொல்லல, ஒங்க கோழிக்குத்தான் கம்ப்ளைண்டு"ன்னாரு. சிரிச்சுட்டேன், என்ன பண்றது. ஆனா கூண்ட எடுத்துட்டு வாங்க முனைய அரம் போட்டுத் தரேன்னும் சொன்னாரு, அதையும் சொல்லணும்ல. அதுக்காக பஸ்ஸுல திரும்பவும் லக்கேஜ் குடுத்துப் போறதுக்கு நம்மால ஆவாது.

அடுத்தது செவலை. அது சாம்பலி மாதிரி ஒம்போது நாளு பழுத்த கேஸு இல்ல, திரும்ப உக்காந்து ரெண்டாம் நாளே சந்தேகம் வந்துச்சு. சாயங்காலம் எல்லாம் அடையப் போறப்போ ஒண்ணு மட்டும் முட்டை போடுற எடத்துலயே கெடந்தா அன்னைக்கே புடிச்சுடணும், அதான் நான் கத்துக்கிட்டது. தட்டு இல்லாம, கல்லு மேல ஏத்தி, நேரா போட்டேன், ரெண்டே பகல் ரெண்டே ராத்திரி. சாயங்காலமா தொறந்து விட்டுப் பாத்தேன், நேரா குப்பைமேட்டுக்குப் போயி கிண்ட ஆரம்பிச்சுடுச்சு. அதான் டெஸ்டு, தொறந்து விட்டா குப்பைக்குப் போனா தெளிஞ்சுது, கூட்டுக்குப் போனா திரும்ப உள்ள. கருப்பி மூணு நாளுல விட்டேன், பெயில். போன வேகத்துல வைக்கப்போருக்குள்ள பூந்துக்கிச்சு. இன்னும் ரெண்டு நாளு போட்டேன், பாஸ்.

முட்டை எப்ப போட்டுச்சுன்னு கேப்பீங்க, காலண்டர்ல எழுதி வச்சிருக்கேன். செவலை தொறந்து விட்ட 11ஆம் நாளு, கருப்பி 14, சாம்பலி 19. கொண்டையப் பாத்தாலே தெரியும், அடையில இருக்கறப்போ வெளுத்துச் சுருங்கிக் கெடந்தது கொஞ்சம் கொஞ்சமா செவந்துக்கிட்டே வரும், நல்லா செவந்தா ரெண்டு மூணு நாளுல கேற ஆரம்பிச்சுடும். லேட்டாப் புடிச்சா லேட்டாத்தான் முட்டை, வேற கணக்கே இல்ல.

இன்னொரு நல்லது, இது நான் எதிர்பாக்கல. வலைக் கூண்டா இருக்கறதால மத்த கோழிங்க சுத்திச் சுத்தி வந்து பாத்துக்கிட்டே இருக்கும், தீனி செதறுறதப் பொறுக்கும். நாலு நாளு கழிச்சு வெளியில விட்டா புதுசா வந்தவன்னு நெனச்சு கொத்துறது இல்ல. பஞ்சாரத்துல தனியா கண்ணு மறைவா போட்டு வெளியில விட்டப்பல்லாம் பெருவிடை ஒண்ணு இருக்கு, அது மண்டையப் பொளந்துடும். அப்புறம், கூண்டுல இருக்கறப்போ கோழியத் தூக்கி றெக்கைக்கு அடியில, பின்பக்கம் எல்லாம் பாத்துடுங்க, அடையில இருக்கற கோழி மண்ணுல பொரளாது, அதனால பேனும் செள்ளும் மேஞ்சுகிட்டிருக்கும். சாம்பலிய எடுத்த கையில சரசரன்னு ஏறுச்சு, ரெண்டு நாளைக்கு எனக்கே அரிப்பு. தெளிஞ்சதும் ஒரு அன்னக்கூடையில அடுப்புச் சாம்பலும் ஆத்து மணலும் கலந்து வச்சேன், அது அதுல விழுந்து பொரண்டத பாக்கணும், வீட்டுல எல்லாரும் நின்னு பாத்தோம்.

தை பொறந்ததும் சாம்பலிய நானே அடைக்கு விட்டேன், அது திரும்ப உக்காந்துச்சு, இந்தத் தடவை தடுக்கல. மண்சட்டியில மணலு, மேல வைக்கோலு, நொச்சி இலை கொஞ்சம், 11 முட்டை, எல்லாம் ஒரு வாரத்துக்குள்ள போட்டது. அத்தை அவங்க திருப்திக்கு ஒரு இரும்பு ஆணியும் கரித்துண்டும் மொளகா வத்தலும் போட்டாங்க, இடிக்கு முட்டை கூழாவாதாம். தை மாசத்துல ஏது இடின்னு கேக்கல, போடட்டும். முட்டை மேல பென்சில்ல கோடு போட்டு வச்சேன், இல்லன்னா மத்தது வந்து அதுலயே போட்டுட்டுப் போயிடும், எது புதுசு எது பழசுன்னு தெரியாது. ஏழாம் நாளு ராத்திரி டார்ச்ச அடியில வச்சுப் பாத்து ரெண்டு கூழ எடுத்தாச்சு, 21ஆம் நாளு 8 குஞ்சு.

இந்தக் குஞ்சுங்களுக்குத் தாயோட சேத்து அந்தக் கூண்டு ஆவுமான்னு பாத்தேன். ஆவாது. சொவரு வலையில குஞ்சு ரெண்டு செகண்டுல வெளியில வந்துடுது, தாய் உள்ள நின்னு கத்துது, மேல காக்கா. தரை வலையில குஞ்சு காலு மாட்டிக்குது. கொசுவலையச் சுத்தி, தரையில சாக்கு போட்டு ஒரு நாளு பாத்தேன், அதுக்குப் பேரு கூண்டா, மூட்டை. குஞ்சுக்கு பஞ்சாரம் தான், அதுக்கு நிகரே இல்ல, தூக்குனமா வெயிலுக்கு வச்சமா, ரெண்டு கரையான் புத்து வெட்டிப் போட்டமான்னு. ரெண்டு வேலையும் பாக்கும்னு நெனச்சு யாரும் இத வாங்காதீங்க. கடைக்காரரு கோழி, குஞ்சு, முயலு எல்லாத்துக்கும் ஆவும்னு தான் சொல்லுவாரு.

தரை கட்டத்தப் பத்தி ஒரு வார்த்தை. 1க்கு 1 இஞ்ச்சுல சிறுவிடை காலு நடுவெரலு சில நேரம் உள்ள எறங்குது, மாட்டிக்கல, ஆனா அது நிக்க சிரமப்படறது தெரியுது. பெருவிடை பாதத்துக்குப் பரவால்ல. 1க்கு அரை இஞ்ச் வலை போட்டிருந்தா சரியா இருந்திருக்கும், காத்தும் போகும், எச்சமும் விழும், காலும் நிக்கும். வெல்டிங் பட்டறையில சொல்லிச் செஞ்சா அந்த வலையே கேட்டுப் போட்டுக்கலாம், என்ன, அவரு நாளைக்கு நாளைக்குன்னு சொல்லி முடிக்கறதுக்குள்ள கோழி ரெண்டு ஈடு குஞ்சு பொரிச்சிடும்.

இப்ப மனசாட்சிக்கு ஒண்ணு சொல்லணும். எங்க பக்கத்து வீட்டு அத்தாச்சி, நான் 1,950 குடுத்தேன்னு கேட்டதுலேருந்து சிரிச்சுக்கிட்டே இருந்தாங்க. மாசியில அவங்க வீட்டுக் கோழி ஒண்ணு உக்காந்துச்சு. தக்காளி வர்ற பிளாஸ்டிக் கிரேட்டு இருக்கில்ல, கட்டம் கட்டமா ஓட்டை, அதுல ரெண்டு எடுத்து, ஒண்ண நாலு செங்கல்லு மேல வச்சு, கோழிய உள்ள விட்டு, இன்னொண்ண மேல கவுத்து கயித்தால கட்டிட்டாங்க. தண்ணிக்கு ஒரு கொட்டாங்கச்சி, தீனிக்கு ஒண்ணு. நாலாம் நாளு தெளிஞ்சுடுச்சு. செலவு கயிறு கூட பழசு. எனக்கு அன்னைக்கு மூஞ்சி போன போக்கு. நான் போயி அதுல ஒரு கொறை கண்டுபுடிச்சேன், உள்ள கோழிக்கு நிமிந்து நிக்க ஒசரம் பத்தல, வெளிச்சமும் கம்மி, தண்ணி மாத்த ஒவ்வொரு தடவையும் கயித்த அவுக்கணும், ஒரு தடவை அவுத்தப்போ பறந்து கெணத்து மேட்டுல ஏறிடுச்சு. இதெல்லாம் உண்மைதான். ஆனா 1,950 ரூவா உண்மையா இதெல்லாம் உண்மையான்னா, வருசத்துக்கு ஒரு கோழி ரெண்டு கோழி உக்கார்ற வீட்டுக்கு கிரேட்டு போதும். எட்டு பத்துன்னு சிறுவிடையா வச்சிக்கிட்டு, ஒண்ணு மாத்தி ஒண்ணு உக்காந்துக்கிட்டே இருக்குன்னா கூண்டு வாங்கலாம், அஞ்சாறு மாசத்துல நான் 5 தடவை போட்டுட்டேன்.

இன்னொரு தடவை போனா நான் பேரம் பேசறப்போ தட்டு வேணாம், அந்தக் காச கொறைச்சுக்கிட்டு தரைக்கு சின்னக் கட்டம் போட்டுக் குடுங்கன்னு தான் கேப்பேன். துரு இன்னும் வரல, ஒரு மழைக்காலம் பாத்துடுச்சு, ஆனா தகரத் தட்டு மூலையில பழுப்பேறிடுச்சு, அத நான் இப்ப கருவாடு காயப் போட வச்சிருக்கேன். லேசான கூண்டுங்கறதால பெருங்காத்துக்கு கல்லு மேலேருந்து சாஞ்சுடும், காத்து அடிக்கிற அன்னைக்கு கயித்தால தூணோட ஒரு கட்டு கட்டிடணும்.

5க்கு மூணரை ஸ்டார். அரம் போட்டு, ஸ்பிரிங் கொக்கி வச்சுக் குடுத்திருந்தா நாலு. தட்ட கழட்டாம போட்டீங்கன்னா என்னக் கேட்டா ஒண்ணு.

இத எழுதறப்போ கூண்டு காலி இல்ல. சித்திரை வெயிலு மண்டையப் பொளக்குது, இப்பப் போயி கருப்பி நேத்திலேருந்து கோவணத் துணி காயப் போட்ட கூடைக்குள்ள ஏறி உக்காந்துக்கிச்சு. புடிச்சு வேப்பமர நெழலுல போட்டாச்சு. கத்திக்கிட்டே இருக்கு, எங்க அத்தை ஜன்னல் வழியா "இறகு இறகு"ங்கறாங்க.